நான் இழுத்த கோடு

பதினோரு வருடங்களாக ஒரு தரவுக் கோப்பில் என் பொய் ஒன்று கிடக்கிறது. சின்ன விஷயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இனி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

துருவப் பனி முகாம் ஒன்றில், பனியைத் துளைத்து எடுத்த பனித்தண்டுகளை ஆராய்வது அப்போது என் வேலை. தண்டிலிருந்து சில்லு ஒன்றை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, மைக்ரோடோம் கத்தியால் அரை மில்லிமீட்டருக்கும் கீழே சீவுவோம். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே அதைப் பிடித்தால், நிறமே இல்லாத பனி நீலமும் ஆரஞ்சும் சாம்பலுமாகப் படிகம் படிகமாகப் பிரிந்து தெரியும். எந்தப் படிகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு அந்த நிறங்கள்தான் தடயம்.

பனிப் படிகம் அறுகோண அடுக்குகளால் ஆனது. அடுக்கி வைத்த வெற்றிலையைப் பக்கவாட்டில் தள்ளினால் இலைமேல் இலை வழுக்கிப் போகும். மேலிருந்து அழுத்தினால் அசையாது. படிகமும் அப்படித்தான். அடுக்குகளுக்கு இணையாக எளிதில் நகரும், மற்றத் திசைகளில் பல மடங்கு விறைத்து நிற்கும். மேற்பரப்பில் படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. ஆழம் போகப்போக, பல்லாயிரம் ஆண்டு அழுத்தத்தில் அவை மெல்லத் திரும்பி ஒழுங்காகின்றன. பனி இழுபடும் இடத்தில், படிக அச்சுகள், அதாவது அடுக்குகளுக்குச் செங்குத்தான திசைகள், ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு பட்டையாகத் திரளும். அதன் பிறகு அந்தப் பனி ஓட்டத் திசையில் நீள்வதற்கு முரண்டு பிடிக்கும். அடித்தளத்துக்கு அருகே அச்சுகள் செங்குத்தாக நின்றுவிட்டால், மேலே உள்ள பனி கீழே உள்ளதன்மேல் பல மடங்கு எளிதாகச் சறுக்கும். ஜான் கிளென் 1955இல் தந்த விதி, தகைவு இரட்டித்தால் பனி ஏறத்தாழ எட்டு மடங்கு வேகமாக உருமாறும் என்கிறது. ஆனால் எந்தத் திசையில் எளிது, எந்தத் திசையில் கடினம் என்பதை அந்த விதி சொல்லாது. அதற்குப் படிகங்களைத்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. பதிலை நானே எழுதினேன்.

மேலே வரும் தண்டு, பனிக்குள் எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று தானாகச் சொல்லாது. ஒரு துண்டின் முறிவோடு அடுத்த துண்டின் முறிவைப் பொருத்தி, தண்டு நெடுக ஒரே கோடாகப் பென்சிலால் இழுத்துக்கொண்டு வருவோம். சில நூறு மீட்டர் ஆழத்தில் நொறுங்கும் பனி வரும். அதற்குள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால், வெளியே எடுத்ததும் வெடித்துச் சிதறும். அங்கே ஒரு துண்டின் முறிவு எப்படித் திருப்பினாலும் பொருந்தவில்லை. கோடு அறுந்துவிட்டது.

பதிவேட்டில் "திசை தெரியாது" என்று எழுதியிருக்க வேண்டும். அன்று இரவு அந்தத் துண்டைச் சீவிப் பார்த்தேன். பட்டை அழகாகத் தெரிந்தது. ஓட்டத்துக்குக் குறுக்கே அது எப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியுமே! அதற்குத் தோதாகத் துண்டைத் திருப்பி வைத்துக் கோட்டை இழுத்தேன். கை நடுங்கவில்லை. கீழே இருந்து வந்த அத்தனை துண்டுகளும் அந்தக் கோட்டையே தொடர்ந்து வந்தன.

சில வருடங்கள் கழித்து, என்னிடம் படித்த பெண் அந்தத் தரவை ரேடார் அளவீடுகளோடு ஒப்பிட்டாள். அந்த ஆழத்துக்குக் கீழே இரண்டும் ஒத்துவரவில்லை. "சார், என் கணக்கில் எங்கே தப்பு?" என்று கேட்டாள். எனக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது. இருந்தும், "இன்னொரு தடவை சரிபார்" என்றேன். மூன்று வாரம் அவள் தன் கணக்கையே சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் போட்டாள். முதல் பொய்யைவிட அந்த மூன்று வாரம்தான் என்னை அதிகம் அறுக்கிறது.

கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். துருவப் பனி எவ்வளவு வேகமாகக் கடலைச் சேரும் என்று கணிப்பவர்கள் இப்படிப்பட்ட பென்சில் கோடுகளையும் நம்புகிறார்கள்.

போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கோப்பைத் திருத்துங்கள் சார்" என்றாள். படிகங்கள் எவ்வளவு நெருக்கமாகத் திரண்டிருந்தன என்ற அளவுகள் உண்மையானவை. அவற்றை அப்படியே விட்டேன். அந்தத் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை, திசைக்கான கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். காரணம் என்ற இடத்தில் என் பெயரையும், நான் செய்ததையும் எழுதியிருக்கிறேன்.