ஏழூர்ப் பல்லக்கும் பாசஞ்சர் வண்டியும்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விரைவு வண்டிகள் நடுவில் பாபநாசத்தில் நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும். பாசஞ்சர் வண்டிக்கோ தாராசுரம், சுவாமிமலை, சுந்தரப்பெருமாள்கோயில், பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோயில், திட்டை என எட்டு நிறுத்தங்கள். கல்லூரிப் பணிக்காகப் பல ஆண்டுகளாக இத்தடத்தில் போய்வருகிறேன். இப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் சோழநாட்டுத் தலபுராணத்தில் ஒரு பக்கம் படித்தது போலிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து விடுமுறை நாளொன்றில் புள்ளமங்கைக்குக் கிளம்பினேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கற்றளி அது. சாண் அகலம்கூட இல்லாத சிறு கட்டங்களுக்குள் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்குத் தப்பிய ஒன்று மிச்சமிருக்கும். வண்டியின் இருபுறமும் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து காய் முற்றி நின்றது. எதிர் இருக்கையில் ஒரு மூதாட்டி. மடியில் மஞ்சள் பை. அதற்குள் தேங்காய், பழம், ஒரு பந்து பூ.

"எங்கம்மா போறீங்க?"

"பொறந்த ஊருக்குத் தம்பி. இன்னைக்குப் பல்லாக்கு வருதுல்ல. சாமியே வாசலுக்கு வர்றப்ப, பொண்ணு வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

திருமணமாகிக் கும்பகோணத்துக்குப் போய் ஐம்பது ஆண்டுகள் ஆயிற்றாம். பேறுகாலத்தில் தவறிய இரண்டு ஆண்டுகள் தவிர மற்றெல்லா ஆண்டும் வந்திருக்கிறாராம். பசுபதிகோயிலில் இருவரும் இறங்கினோம். சிற்பங்கள் காத்திருக்கும் என்று அவர் பின்னாலேயே நடந்தேன்.

தஞ்சைக்காரர்களுக்கு ஏழூர்த் திருவிழா என்றதும் திருவையாறுதான் நினைவுக்கு வரும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும்கூடத் தனித்தனி ஏழூர்கள் உண்டு. அய்யம்பேட்டையைச் சுற்றியுள்ளது சக்கரப்பள்ளி ஏழூர். சக்கரப்பள்ளி, அரியமங்கை, சூலமங்கலம், நல்லிச்சேரி, பசுபதிகோயில், தாழமங்கை, புள்ளமங்கை ஆகிய இவ்வூர்களைச் சப்தமங்கைத் தலங்கள் என்பர். ஏழு கன்னியரும் ஆளுக்கோர் ஊரில் வழிபட்டதாக ஐதிகம். இவற்றுள் சக்கரப்பள்ளியும் புள்ளமங்கையும் சம்பந்தரின் பதிகம் பெற்றவை. சக்கரப்பள்ளி இறைவனின் பல்லக்கு மற்ற ஊர்களுக்கெல்லாம் போய்த் திரும்பும்.

தெருவில் வீடுதோறும் நீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஒரு திண்ணையில் நீர்மோர்ப் பானை. நாகசுரம் வெகுதொலைவில் கேட்டது. பல்லக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தாம்பாளம் ஏந்தியவர் எவராயினும் அவர் வாசலில் அது நின்றது. தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மூதாட்டியின் பிறந்த வீட்டு வாசலில் அது நின்றது ஒரு நிமிடம்கூட இராது. தீபாராதனை முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று என்னிடம் சொன்னார்.

தாய்லாந்தின் மேக்லாங் சந்தையில் கடைகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் ரயிலைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். நம் பக்கத்தில் திருவாரூர் – காரைக்குடிப் பாதை அகலமாக்கப்பட்டு 2019 ஜூனில் வண்டி விட்டபோது, லெவல் கிராசிங்குகளுக்கு ஆள் போடவில்லை. கேட் போடுகிறவர்கள் வண்டியிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிச் சாத்துவார். கடந்ததும் மறுபடி நிற்கும், திறந்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். சுமார் 150 கிலோமீட்டருக்கு 6 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மெதுவான வண்டி என்பதற்காக இதை நான் கொண்டாட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு அது வதை. ஆளே இல்லாத இடத்தில் நிற்பது வேறு, காத்திருப்பவரை ஏற்றிக்கொள்ள நிற்பது வேறு. பல்லக்கும் பாசஞ்சரும் இரண்டாம் வகை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாசஞ்சர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பின்னர் அவை எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் திரும்பியபோது, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகியிருந்தது. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் மீண்டது. அந்த நான்கு ஆண்டுகளில் தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போவோர் எப்படியோ போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மஞ்சள் பையுடன் பிறந்த ஊர் வாசலுக்குப் போக வேண்டியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருந்தது. சின்ன நிறுத்தத்தின் வருமானக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகள்கள் ஒரு தொகையாகவே தெரிய மாட்டார்கள்.

பங்குனியில் இப்பக்கம் வரும் நண்பர்கள் பசுபதிகோயிலில் இறங்கிப் பாருங்கள். புள்ளமங்கைக்கு நடந்தே போய்விடலாம். நாகசுரம் கேட்டால் முதலில் அந்தத் திசைக்குப் போங்கள். யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள், மறுக்க வேண்டாம்.