ஃபில்டரைக் கெடுக்கும் சுத்தம்

தூசி அடைத்துக் கெட்டுப்போன ஏர் ஃபில்டரைவிட, சுத்தம் செய்யப் போய்க் கெட்டுப்போன ஏர் ஃபில்டர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கரூர் மாவட்டத்தில் க.பரமத்தியைச் சுற்றி ஜல்லி கிரஷர்கள் ஓடும் பகுதியில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. டிப்பர், டிராக்டர், பொலிரோ, பைக் என எது வந்து நின்றாலும் அதன்மேல் வெள்ளைத் தூசி ஒரு படலமாகப் படிந்திருக்கும். ஓட்டுகிறவர்கள் ஃபில்டரைக் கவனிக்காதவர்களும் அல்லர். தினமும் கழற்றுகிறார்கள், தட்டுகிறார்கள், காற்று அடிக்கிறார்கள். அந்த அக்கறை மிஞ்சிப்போய்த்தான் பல எஞ்சின்கள் எங்களிடம் வந்து சேர்கின்றன.

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "கழுவிக் கழுவிப் போடற ஃபில்டர் இருக்குதாமா, நம்ம வண்டிக்கு அதைப் போட்டுரலாமுங்களாண்ணா?" என்று கேட்கிறார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்துகிற ஒரு பதில் இதற்கு இல்லை. வண்டி எங்கே ஓடுகிறது, அந்த ஃபில்டரை யார் கழுவப் போகிறார்கள் என்ற இரண்டும் தெரிந்தால் சொல்லிவிடலாம்.

முதலில் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்குக் குறையாத காற்று. டீசல் எஞ்சினோ எரியத் தேவையானதற்கும் மேலாகவே இழுத்துக்கொள்ளும். பங்கில் போட்ட பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் சண்டைக்குப் போகிறோம். அதைவிடப் பல ஆயிரம் மடங்கு உள்ளே போகிற காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

தூசியிலும் ரகம் உண்டு. எங்கள் பக்கம் உடைக்கிற கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சிலிண்டர் லைனர் செய்கிற வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிமீதும் இதே மாதிரி வெள்ளைத் தூசிதான் படிகிறது. ஆனால் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பங்கு கால்சைட். அதன் கடினம் 3தான். அங்கே ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், இங்கே லைனரே தேயும். நம் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் லைனருக்குத் தெரியும்.

தூசியில் கண்ணை உறுத்துகிற பெரிய மணல் அவ்வளவு ஆபத்தானது அல்ல. அதை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். பொல்லாதது 5 மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரையுள்ள பொடி. தலைமுடியின் கனம் 70 மைக்ரான் இருக்கும் என்றால் இது எவ்வளவு நுண்மையானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கிற ஆயில் படலத்தில் இந்தப் பொடி ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் உரசும். வால்வை உட்கார வைக்க நாங்கள் தேய்க்கிற லேப்பிங் பேஸ்ட் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நாங்கள் சில நிமிடம் தேய்த்துவிட்டு நிறுத்திவிடுவோம், இது எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் தேய்க்கும். பிறகு ஆயில் குறைய ஆரம்பிக்கும், பிரீதர் குழாயில் பேக் கம்ப்ரஷன் அடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். டர்போ வண்டியாக இருந்தால் கம்ப்ரசர் வீலின் இறக்கை விளிம்புகள் தேய்ந்து போயிருக்கும். வண்டிக்காரர் அன்றைக்கு ஆயில் கம்பெனியைத் திட்டுவார். காரணம் எப்போதோ உள்ளே போன தூசி.

ஃபில்டரை டீ வடிகட்டி மாதிரி நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. வடிகட்டியில் ஓட்டையைவிடப் பெரிய தூள் நிற்கும், சிறியது இறங்கிவிடும். ஏர் ஃபில்டரின் காகிதத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் தாறுமாறாகக் கிடக்கிற நார்களின் காடு. காற்று அந்த நார்களைச் சுற்றி வளைந்து போகும். கனமான துகளால் அப்படி வளைய முடியாது, நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய துகள் அலைபாய்ந்து எதிலாவது போய் ஒட்டும். ஒட்டிய தூசியே அடுத்து வருகிற தூசியைப் பிடிக்கும். அதனால் பேப்பர் ஃபில்டர் புதிதாக இருக்கும் முதல் நாளில்தான் சற்று மோசமாக வடிகட்டுகிறது. கொஞ்சம் தூசி படிந்தபின் அதன் திறன் கூடுகிறது. தினமும் ஊதிச் சுத்தம் செய்கிறவர், தினமும் அதை முதல் நாளுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஊதுகிற விதத்திலும் கோளாறு இருக்கிறது. டயர் கடையின் கம்ப்ரசரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். அந்தக் குழாயை மடிப்புக்குள் நுழைத்து அடித்தால் காகிதம் தாங்காது. காற்று அடிக்கலாம் என்று அனுமதிக்கிற கையேடுகளும் சுமார் 30 பிஎஸ்ஐக்குள், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தள்ளி நின்று அடிக்கச் சொல்கின்றன. ஒரு டிப்பர் டிரைவர் ஃபில்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, "பளிச்சுனு இருக்குது பாருங்கண்ணா, இதைப் போயி மாத்தச் சொல்றீங்களே" என்றார். எரிகிற பல்பை அதன் உள்ளே விட்டு, பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, "சுத்தி வந்து பாருங்க தம்பி" என்றேன். மங்கலான மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவே ஒரு மடிப்பின் அடியில் மட்டும் ஊசி முனைகளாய் நாலைந்து வெளிச்சப் புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் எஞ்சினுக்குள் தூசி போகத் திறந்துவிட்ட வாசல். தரையில் தட்டுகிறவர்கள் இன்னொரு வகையில் கெடுக்கிறார்கள். மேலும் கீழும் இருக்கிற தகடு நெளியும், ரப்பர் ஓரம் சரியாக உட்காராது. காகிதம் நன்றாகவே இருக்கும், காற்று அதன் பக்கவாட்டில் புகுந்து போகும்.

சரி, கழுவிப் போடக்கூடியவை எவை? மூன்று வகை உண்டு. மூன்றிலும் தூசியைப் பிடிப்பதில் பெரும்பங்கு ஆயிலுக்குத்தான்.

முதலாவது பழைய டிராக்டர்களின் ஆயில் பாத். காற்று மேலிருந்து இறங்கி, கிண்ணத்தில் இருக்கிற ஆயிலின்மேல் மோதித் திரும்பி, கம்பி வலை வழியாக மேலேறும். தூசி ஆயிலில் சிக்கி அடியில் தங்கும். இதற்கு உதிரி வாங்கவே வேண்டாம், எஞ்சின் ஆயில் இருந்தால் போதும். ஆனால் கிண்ணத்தில் போட்டிருக்கிற கோடுதான் சட்டம். கோட்டுக்குக் கீழே இருந்தால் தூசி தப்பிப் போகும். மேலே ஊற்றினால் எஞ்சின் ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். டீசல் எஞ்சின் அப்படி எகிறினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கிண்ணத்தைக் கழற்றி ஒரு குச்சியால் அடியைக் கிளறிப் பார்க்க வேண்டும். மேலே ஆயில் தெளிவாகத் தெரியும், அடியில் களிமண்போலச் சேறு கட்டியிருக்கும். மேலே ஆயிலைச் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உண்டு. சேறு இருக்கிற இடத்தையும் சேர்த்து அளவு காட்டுகிறதே என்று அவர்கள் யோசிப்பதில்லை. கொட்டி, துடைத்து, புதிதாக ஊற்றுவதுதான் வேலை. வயல் காய்ந்து புழுதி பறக்கிற காலத்தில் தினமும் திறந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது ஃபோம். பல பைக்குகளில் இது உண்டு. கரடுமுரடான மண் தடங்களில் பந்தயம் ஓட்டுகிற மோட்டோகிராஸ் பைக்குகளிலும் இதுதான். காகிதத்தில் தூசி மேற்பரப்பில் நிற்கும். ஃபோமில் அதன் கனம் முழுவதும் ஆழமாக இறங்கி நிற்கும். அதனால் நிறையத் தூசியை வாங்கிக்கொண்டும் மூச்சுத் திணறாது. இதைப் பெட்ரோலில் அலசுவதுதான் ஊர் வழக்கம். தீ அபாயம் ஒருபக்கம், ஒட்டுப்போட்ட இடத்தின் பசை விட்டுப்போவது இன்னொரு பக்கம். மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். துணி பிழிவதுபோல் முறுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். நிழலில் காய்ந்தபின் ஃபில்டர் ஆயில் விட்டு, எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக வரும்வரை பிசைந்து, மிச்சத்தை அழுத்தி எடுக்க வேண்டும். ஆயில் விடாமல் போட்ட ஃபோம் பெரும்பாலும் ஒரு பஞ்சு மட்டுமே. எங்கள் பக்கம் பைக்குகளில் பாதி வேலை இங்கேதான் தவறுகிறது. கழுவுவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆயில் விடுவது மறந்துபோகிறது.

மூன்றாவதுதான் எல்லோரும் கேட்டு வருகிற காட்டன் ஃபில்டர். அலுமினிய வலைகளுக்கு நடுவே பருத்தித் துணியை அடுக்கி மடித்து, ஆயில் ஊட்டியது. 1969இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே&என் நிறுவனம்தான் இதைப் பிரபலமாக்கியது. காகித ஃபில்டரைவிடப் பல மடங்கு விலை. சாதாரணச் சாலையில் ஓடுகிற காருக்குப் பல ஆண்டு வரும், காற்றும் தாராளமாகப் போகும். ஆனால் தாராளமாக விடுகிற வாசல் வேண்டாதவர்களையும் கொஞ்சம் உள்ளே விடும். காற்றோட்டத்தையும் வடிகட்டலையும் ஒருசேர உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மூக்கடியில் வோக்ஸ் என்ற பெரிய ஃபில்டரைப் பொருத்தினார்கள். மணலிலிருந்து எஞ்சின் பிழைத்தது, விமானத்தின் வேகம் குறைந்தது. பிறகு எகிப்தின் அபூகிர் பராமரிப்புத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையினர் அதைவிடச் சிறிய ஃபில்டரைத் தாங்களே செய்து பொருத்திக்கொண்டார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்ற அதே பேரம்தான் இன்றைக்கும் ஒவ்வொரு ஃபில்டரிலும் நடக்கிறது.

காட்டன் ஃபில்டரைக் கழுவுவது அவசரக்காரர் வேலை அல்ல. அதற்கென்று வரும் கிளீனரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தண்ணீரை மெல்லிய தாரையாக உள்பக்கத்திலிருந்து வெளியே விட வேண்டும். வெளியிலிருந்து விட்டால் தூசியை நாமே உள்ளே தள்ளுகிறோம். பிரஷர் வாஷ், கம்ப்ரசர், ஹேர் டிரையர் எதுவும் கூடாது. தானாகக் காய வேண்டும். முழுவதும் காய்ந்தபின் மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு முகட்டின்மேலும் ஒரு கோடு ஆயில். அரை மணி நேரம் விட்டால் அது துணியில் ஊர்ந்து பரவும். ஆயிலில் சிவப்புச் சாயம் சேர்த்திருப்பதால் விடுபட்ட இடம் வெளுப்பாகக் காட்டிக்கொடுக்கும், அங்கே மட்டும் தொட்டுவிட வேண்டும். "கூட ஊத்துனா நல்லாப் புடிக்குமுங்களே" என்று நினைத்து ஊற்றினால், மிச்ச ஆயில் காற்றோடு போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூடான கம்பியில் படியும். சென்சார் காற்றின் அளவைத் தப்பாகச் சொல்லும், கறுப்புப் புகை வரும், பிக்கப் போகும். பிஎஸ்-6 வண்டிகளில் இந்த ஒரு படலம் வரிசையாகப் பல சென்சார்களின் கணக்கைக் குழப்பும்.

எந்த ஃபில்டர் போட்டாலும் ஒரு சோதனையை மட்டும் விடுவதில்லை. ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி, சுத்தமான வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்சுவரில் ஒரு இழுப்பு. துணி வெள்ளையாக இருந்தால் சரி. மாவுபோல் சாம்பல் நிறம் ஒட்டினால் ஃபில்டரின் பிராண்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கிளாம்ப் தளர்ந்திருக்கும், ஹோஸின் மடிப்பில் வெடிப்பு இருக்கும், அல்லது ரப்பர் ஓரம் உட்காரவில்லை. பெரிய வண்டிகளில் உள்ளே இன்னொரு சிறிய ஃபில்டர் இருக்கும். வெளிஃபில்டர் ஓட்டையானாலும் எஞ்சினைக் காப்பதற்கான காவல் அது. அதையும் சேர்த்துக் கழுவுகிறவர்கள் உண்டு. அதைக் கழுவவே கூடாது, மாற்ற மட்டும்தான் வேண்டும்.

மைலேஜுக்காக ஃபில்டரை மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துப் பார்த்ததிலும், புதிய பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்ததால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. ஆகவே மைலேஜ் ஆசையில் காட்டன் ஃபில்டருக்குப் பணம் போட வேண்டாம்.

எங்கள் கிரஷர் சாலையில் ஓடுகிற டர்போ டீசலுக்கு நான் பேப்பர் ஃபில்டரையே சொல்வேன். முன்னால் சுழலில் தூசியைப் பிரிக்கிற பிரீகிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. அதன் அடியிலிருக்கிற ரப்பர் வால்வைத் தினமும் விரலால் அழுத்தித் தூசியைக் கொட்டிவிட வேண்டும். அடைப்புக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்பு காட்டும்வரை ஃபில்டரைத் தொட வேண்டாம். சிவப்பு வந்தால் ஊத வேண்டாம், மாற்றிவிடலாம். பைக்குக்கு ஃபோம், பழைய டிராக்டருக்கு அதன் ஆயில் பாத், தார்ச்சாலையிலேயே பெரும்பாலும் ஓடுகிற, ஆற அமரப் பார்த்துக்கொள்கிற ஆளிருக்கிற காருக்குக் காட்டன்.

கழுவுகிற ஃபில்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "கழுவுனது காயற வரைக்கும் வண்டியை நிறுத்தி வைப்பீங்களா?" லோடு காத்திருக்கும்போது யாரும் நிறுத்த மாட்டார்கள். ஈரத்தோடு மாட்டுவார்கள், அல்லது ஃபில்டரே இல்லாமல் ஒரு நடை போய் வருவார்கள். அதனால் வாங்குவதானால் இரண்டாக வாங்கச் சொல்கிறேன். ஒன்று வண்டியில் இருக்கும், இன்னொன்று நிழலில் காயட்டும். இரண்டுக்குப் பணமில்லை என்றால் பேப்பர் ஃபில்டரே போடட்டும். இரண்டு காட்டன் ஃபில்டரின் விலையில் பேப்பர் ஃபில்டரைப் பல தடவை மாற்றிவிடலாம், கழுவுகிற வேலையும் மிச்சம்.