மலையேறினால் மூச்சு வாங்கும் மோட்டார்

தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில் கேமரன் மலைக்கு ஏறும்போது முதலில் காது அடைக்கும். அப்புறம் பின் இருக்கைப் பிள்ளைகளில் ஒன்று வாந்தி எடுக்கும். ரிங்லெட் வந்ததும் ஏர்கோனை அடைத்துவிட்டுச் சன்னலை இறக்குவோம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். பெரும்பாலோர் பிரிஞ்சாங் பட்டணத்தில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, தேயிலைத் தோட்டத்தில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதற்கும் அப்பால் திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று போனால்தான் மலையின் உழைப்பு தெரியும். மலைச்சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரைகள், அவற்றுக்கடியில் முட்டைக்கோசும் தக்காளியும். பழைய லேண்ட் ரோவர்கள் காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு சேற்றில் ஊர்ந்து போகும்.

லேண்ட் ரோவர் நுழைய முடியாத ஒற்றையடிச் சரிவுகளில் இப்போது ஏடிவி ஓடுகிறது. சுற்றுப்பயணிகள் சேற்றில் குதித்து விளையாடும் அதே நான்கு சக்கர மோட்டார்தான். இங்கே அதற்குப் பின்னால் ஒரு சின்ன இழுவண்டி மாட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்போங் ராஜா பக்கம் குத்தகை நிலத்தில் காய்கறி போடும் என் பெரியப்பாவிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பீடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஓடிய பழைய வண்டி. கீழே இருந்தவரை குலை ஏற்றிக்கொண்டு சிங்கம் மாதிரி ஓடியதாம். மேலே கொண்டுவந்த மூன்றாம் நாளே கூடையோடு பாதிச் சரிவில் நின்றுவிட்டது. சாயங்கால லாரி சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவதற்குள் கோசு மேலே வந்தாக வேண்டும். வராவிட்டால் அன்றைய விலை போச்சு.

அதைவிடப் பெரிய கவலை சரிவில் நிற்பது. பாரத்தோடு பின்னால் உருளும் ஏடிவி குப்புறக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். ஏற்றத்தில் இஞ்சின் நின்றால் உடம்பை முன்னால் சாய்த்து பிரேக்கைப் பிடிக்க வேண்டும். நிறுத்து பிரேக்கைப் போட்டுவிட்டு, மேட்டுப் பக்கமாக இறங்க வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் முன் பிரேக்கை மெதுவாக அழுத்த வேண்டும், பின் பிரேக்கை மட்டும் பிடிக்கக்கூடாது. விடுமுறையில் பிள்ளைகளை ஏடிவியில் ஏற்றும் பெற்றோரும் இதை ஓட்டும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டே ஏற்ற வேண்டும்.

பார்க்க வந்த மெக்கானிக் தம்பி ஹாபுவில் பிறந்தவர். பாட்டன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். ஹாபுவில் 1929இல் போ தோட்டம் தொடங்கியதிலிருந்து இந்த மலையில் நம்மவர் கை படாத சரிவு குறைவு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அவர் நாலு சக்கரத்தின் நடுவையும் தொட்டுப் பார்த்தார்.

"பிரேக்கு புடிச்சிக்கிட்டே இருந்தா இது சூடா இருக்கும் ஐயா. நிறைய பேரு அதுக்குப் போயி கார்புரேட்டரைக் கழட்டிருவாங்க."

சூடு இல்லை. அடுத்து பெட்ரோல் மூடி. அதன் காற்றுத் துளையில் சேறு அடைத்தால் வண்டி பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு செத்துவிடும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும், மறுபடியும் ஓடும். அதுவும் இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துமுத்தாகத் தங்கும். பெட்ரோல் தெளிவாகவே இருந்தது. இதை இஞ்சின் ஆறிய பிறகே செய்ய வேண்டும், சிகரெட்டோடு பக்கத்தில் நிற்பவரையும் விரட்டிவிட்டு.

பிளக்கைக் கழற்றினார். கரி படிந்து, விளக்குத் திரி மாதிரி கறுப்பு. பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காற்று வடிகட்டி சேறும் எண்ணெயுமாக ஊறிக் கிடந்தது. அதைக் கழுவி, காயவைத்து, புது எண்ணெய் தடவிப் போட்டதும் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் மலைதான்.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் ஈடாகும், முழுக்க அல்ல. உங்கள் மைவியும் இங்கே கொஞ்சம் வலு இழக்கிறது. ஆனால் அதிலிருக்கும் கணினி காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பித்தளை ஜெட்டின் துளை கீழே எவ்வளவோ மேலேயும் அவ்வளவுதான். காற்று மெலிந்தாலும் பெட்ரோல் பழைய அளவில் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கரும்புகையும் திணறலும்.

எந்த ஜெட் என்பதைத் திராட்டிலே சொல்லிவிடும். சும்மா நிற்கும்போதும் கால்வாசி திறப்பு வரையிலும் சின்ன ஜெட்டின் வேலை. நடுவில் ஊசி. முழுக்கத் திறந்தால் பெரிய ஜெட். பெரியப்பாவின் வண்டி நின்றபடி அமைதியாக உறுமியது, முழுத் திராட்டிலில்தான் திணறியது. அப்படியானால் சின்ன ஜெட்டைத் தொடத் தேவையில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி என்றால் கதை வேறு: கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி, முதலில் அடைபடுவது அந்தச் சின்ன ஜெட்தான். அதைக் கம்பி விட்டுக் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.

தம்பி இரண்டு படி சிறிய பெரிய ஜெட் ஒன்றைப் போட்டார். ஊசியின் கொக்கியை ஒரு வரி மேலே மாற்றினார். கொக்கி மேலே போனால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கூடையோடு இரண்டு தடவை சரிவில் ஏற்றி இறக்கிவிட்டு பிளக்கை மறுபடி பார்த்தார். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். பெரியப்பா கையோடு தே ஊற்றிக் கொடுத்தார்.

ஒருநாள் உல்லாசத்துக்கு வண்டியை மேலே கொண்டு வருபவர்கள் ஜெட்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அந்தத் தம்பியின் கருத்து, எனக்கும் அது சரியென்றே படுகிறது. வடிகட்டியைச் சுத்தமாக வைத்து, ஆளைக் குறைத்து, மெதுவாக ஓட்டினால் போதும். உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. மலைக்காக ஜெட்டைச் சிறிதாக்கிய வண்டியைக் கீழே கொண்டுபோய் அப்படியே முடுக்கினால், பெட்ரோல் போதாமல் இஞ்சின் கொதிக்கும், பிஸ்டனே உருகலாம்.

கழற்றிய பழைய ஜெட்டை அவர் குப்பையில் போடவில்லை. பெரியப்பாவின் காலி மாத்திரை டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் போட்டு, இருக்கைக்கு அடியில் டேப் ஒட்டி வைத்தார். மூடியின் மேல் பேனாவால் ‘கீழே’ என்று எழுதினார்.