எட்டாம் நம்பர் ஊசி

சென்னையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் முதலில் சிரிப்புதான் வரும். "நந்தனத்துல பனி பெய்யப் போகுதாக்கா?" என்று எதிர்வீட்டுப் பையன் கேட்டான். அது மே மாதம். மடியில் அக்ரிலிக் நூல் கசகசத்தது. விரல் வியர்வையில் ஊசி வழுக்கியது. பெங்களூரில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதன் முதல் பிறந்தநாளுக்குள் ஒரு ஸ்வெட்டரை முடித்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

அதற்கு முன்னால் ஒரு மஃப்ளர் தொடங்கி, ஓரத்தில் என்னை அறியாமல் கண்ணி கூடிக்கூடி அது முக்கோணமாக விரிந்ததால் நிறுத்தியிருந்தேன். ஸ்வெட்டரின் செய்முறையை ஓர் அமெரிக்கப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். எட்டாம் நம்பர் ஊசி, 80 கண்ணி என்று அதில் இருந்தது. தி. நகர் போய் எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி வாங்கி வந்தேன். முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டருக்கு 16 கண்ணி வருகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லியிருந்தது புத்தகம். அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டேன். இத்தனை வருஷம் உப்பைக் கண்ணளவாகப் போட்ட கைக்கு இது தெரியாதா என்ற நினைப்பு.

இரண்டு மாதம் கழித்துத் தைத்து முடித்தால், 50 சென்டிமீட்டர் வரவேண்டிய மார்புச் சுற்று 40தான் இருந்தது. ஒரு வயதுக் குழந்தைக்குப் பின்னியது பிறந்த குழந்தைக்குத்தான் சரியாக இருக்கும். "பரவாயில்லக்கா, பொம்மைக்குப் போட்டுக்கறோம்" என்றாள் தங்கை.

காரணம் பிறகுதான் புரிந்தது. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளின் எண் பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். என் எட்டு 4 மில்லிமீட்டர். புத்தகத்தின் எட்டு 5 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர், 10 சென்டிமீட்டரில் 16 கண்ணி வரவேண்டிய இடத்தில் 20 கண்ணியை நெருக்கி வைத்துவிட்டது. எட்டு என்றால் யாருடைய எட்டு என்று கேட்டிருக்க வேண்டும். பின்னலில் நான் கற்ற முதல் பாடம் இது. வேறு இடத்திலும் இது தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

அதன்பின் செய்த தவறுகளும் உண்டு. அப்பாவுக்குப் பின்னிய மஃப்ளரைச் சுருக்கம் போக அயர்ன் பண்ணினேன். சூடு பட்ட அக்ரிலிக் தன் துள்ளலை இழந்து, துவைத்துத் துவைத்து நைந்த துணி மாதிரி துவண்டது. அதை எதுவும் செய்து மீட்க முடியாது. பருத்தி நூலில் பின்னிய சால்வையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பும் குணம் பருத்திக்குக் கிடையாது. ஈரத்தின் கனத்தில் சாயங்காலத்துக்குள் அது ஒரு சாண் நீண்டிருந்தது. இப்போதெல்லாம் பாயில் விரித்துத்தான் காயவைக்கிறேன். பூவேலைப் பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், பத்து வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய நூலைக் கோத்து வைக்கிறேன். எவ்வளவு பிரித்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.

ஒன்பது வருஷத்தில் எத்தனை பின்னினேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். குழந்தை ஸ்வெட்டர் ஏழு, குல்லா பதினான்கு, மஃப்ளர் ஆறு, கொக்கி ஊசியில் போட்ட குரோஷா மேசை விரிப்பு இரண்டு, பொம்மைகள் கணக்கில்லை. எனக்கென்று பின்னியது ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் நான் இருப்பது கணக்குப் பிரிவில். ஊருக்கெல்லாம் பைசா விடாமல் கணக்கு எழுதுகிறவள், சொந்தக் கை உழைத்த நேரத்தை ஒரு இடத்திலும் எழுதியதில்லை.

எழுத வைத்தது ஒரு கடை. கைவினைப் பொருள் விற்கும் அந்தக் கடையில் என் குரோஷா யானைப் பொம்மையைப் பார்த்துவிட்டு ஒரு டஜன் கேட்டார்கள். பொம்மைக்கு 150 ரூபாய். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே ஒருவர் என் பின்னலுக்குக் காசு கொடுப்பது அதுதான் முதல் முறை. ஆர்டர் என்பதால் நேரத்தைக் குறித்து வைத்தேன். ஒரு யானைக்கு ஏழு மணி நேரம். நூலும் உள்ளே அடைக்கும் பஞ்சும் 60 ரூபாய். மீதி 90 ரூபாயை ஏழால் வகுத்தால் மணிக்கு 13 ரூபாய்கூட வரவில்லை. பன்னிரண்டாவது யானையின் தும்பிக்கையை முடிக்கும்போது வலது மணிக்கட்டு தோசைத்திருப்பியைப் பிடிக்க முடியாத அளவுக்கு வலித்தது. கடைக்குப் போனால் என் யானையின் கழுத்தில் 650 ரூபாய் என்று சீட்டு தொங்கியது.

விலையைக் கூட்டிக் கேட்டேன். கோபப்படாமல், சிரித்த முகத்தோடு சொன்னார்கள்: "வீட்ல டிவி பாத்துக்கிட்டே போடறதுதானே மேடம்?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "எங்களையும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் ஒயர் கூடை பின்னினார்கள். ஒயரை ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முடித்த கூடையை எடுத்துப் போவார். அம்மா சாதா முடிச்சில் தொடங்கி நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் வரை பின்னுவாள். சமையல் முடிந்து, நாங்கள் தூங்கிய பிறகு அவள் விரல் வேகமாகப் போகும். ஆள்காட்டி விரலில் ஒயர் அறுத்த தழும்பு இன்றும் இருக்கிறது. யாராவது வீட்டுக்கு வந்து கூடைகளைப் பார்த்தால் அப்பா சொல்வார்: "அவளுக்குப் பொழுது போகணுமே!" என் பஸ் பாஸும் பிளஸ் டூ பரீட்சைக் கட்டணமும் அந்தப் பொழுதுபோக்கில் வந்தவை.

அப்பாவை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த இரவு, எதிரில் அம்மா உட்கார்ந்து பச்சை ஒயரை இழுத்து முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் எழுதினேன். தாயின் தொழில் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டேன். அம்மாவுக்கு அது ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

அந்த ஜனவரியில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்கு நடந்தே போனேன். வெளியே நடைபாதையில் விரித்திருந்த பழைய புத்தகங்களுக்கு நடுவே, லேஸ் என்ற சொல்லைப் பார்த்து ஒன்றை எடுத்தேன். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சாபூர்'. ஆந்திராவின் கோதாவரிக் கரையில் நர்சாபூரைச் சுற்றியுள்ள ஊர்களில் குரோஷா லேஸ் பின்னி வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பிய பெண்களைப் பற்றியது. வீட்டு வேலைக்கு மேல் தினமும் பல மணி நேரம் பின்னினார்கள். வியாபாரிகள் பணக்காரர்கள் ஆனார்கள். பெண்களை மட்டும் யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றே சொன்னார்கள். அந்தச் சொல்தான் கூலியைக் குறைவாகவே வைத்திருந்தது. உழைக்கிற பெண்ணை இல்லத்தரசி என்று பெயரிட்டு உழைப்பை மறைப்பதை மீஸ் இல்லத்தரசியாக்கம் என்கிற பொருளில் ஒரு சொல்லால் குறித்தார். கடைக்காரர் சிரித்த முகத்தோடு சொன்னதும், அப்பா பெருமையோடு சொன்னதும், நான் போட்ட கோடும் ஒரே சொல்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் பின்னல் என்றாலே சுரண்டல் என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை. நம் தெற்கிலேயே வேறு கதை இருக்கிறது. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன்பே, அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் பெண்களுக்குக் கல்வியோடு லேஸ் வேலையும் சொல்லிக்கொடுத்தார். கணவர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தைத் தமிழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எலைசாவை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

நர்சாபூரிலும் நாகர்கோவிலிலும் இருந்தது ஒரே நூல், ஒரே கை. காசு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் வித்தியாசம்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், தாங்கள் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பெருவெள்ளம் வடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செய்தியைப் படித்துவிட்டு எங்கள் மாடி வீட்டுக்காரர், "இவங்களுக்கெல்லாம் வீட்ல வேலையே இல்லையா?" என்றார். வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் பின்னியிருப்பார்கள் என்று அப்போது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நான் படித்த செய்தியில் பரப்பளவு தசமப் புள்ளி வரை இருந்தது. எத்தனை மணி நேரம் என்பது இல்லை.

நான் ஒரு நோட்டு போட்டேன். தேதி, உருப்படி, நூல் செலவு, நேரம். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், யானைக்கு 450 ரூபாய் என்றேன். அவர்கள் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்டர் போய்விட்டது. வருத்தம் இல்லாமல் இல்லை. இப்போது மாதம் இரண்டு பொம்மைகள் தெரிந்தவர்கள் மூலம் அதே விலைக்குப் போகின்றன. உறவுகளுக்கு இன்னும் பின்னிக் கொடுக்கிறேன். ஆனால் சும்மா இருந்ததால் பின்னியதாக யாராவது சொன்னால், "34 மணி நேரம்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். கொஞ்சம் சங்கடமாகத்தான் பார்க்கிறார்கள். பழகிவிடும்.

போன வருஷம் எனக்கென்று ஒன்று பின்னினேன். அலுவலக ஏசிக்குப் போட்டுக்கொள்ள, சாம்பல் நிறப் பருத்தி நூலில் கையில்லாத மேல்சட்டை. இந்த முறை மாதிரிச் சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, அளந்தேன். இடுப்புக்கு மேல் ஒரு வரிசையில் கண்ணி தவறியிருக்கிறது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதால் பிரிக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் சிவன் கண் கற்றுக்கொள்கிறேன். நாற்பது வருஷம் கழித்தும் அவள் விரலுக்கு மறக்கவில்லை. என் விரலுக்குத்தான் ஏறவில்லை. மூன்று முறை பிரித்தாகிவிட்டது. போன வாரம் நான் அடிப்பாகத்தில் முழிப்பதைப் பார்த்துவிட்டு, கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒயரை இழுத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தே முக்கால். நோட்டுல எழுதிக்கோடி" என்றாள்.