மாண்டோவியில் மூன்று இரவுகள்

பனாஜியில் சூரியன் மறைந்ததும் ஊரின் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடுகிறது. பகலில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்த கப்பல்கள் சிவப்பும் ஊதாவுமாக விளக்குகளை ஏற்றிக்கொள்கின்றன. கரையோரச் சாலையில் படகுத்துறைகளின் வாசலில் வரிசை நீள்கிறது. ஹைதராபாத்திலிருந்து வந்த கல்லூரி நண்பர்கள், ராஜ்கோட் வியாபாரிகள், பெல்காமிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், கழுத்தில் மாலை வாடாத தேனிலவு ஜோடி ஒன்று. எல்லோர் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படகு அவர்களை அள்ளிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்கிறது.

எதிரே பழைய தலைமைச் செயலகம். அதன் பக்கத்தில் அபே ஃபரியாவின் சிலை. 1756-ல் பக்கத்துக் கண்டோலிமில் பிறந்து பாரீஸுக்குப் போய், மனோவசியக் கலைக்கு அறிவியல் விளக்கம் தேடிய பாதிரியார் இவர். மயங்கிச் சாயும் ஒரு பெண்ணின் மேல் இரு கைகளையும் நீட்டியபடி நிற்கிறார். அலெக்ஸாந்தர் டூமா தன் நாவலில் இவர் பெயரில் ஒரு கைதியைப் படைத்து, புதையல் இருக்கும் தீவின் ரகசியத்தையும் அவன் கையில் கொடுத்தார். மயக்கத்துக்கும் புதையலுக்கும் பேர்போன ஆசாமியை இந்தக் கப்பல்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியது யாருடைய குறும்பும் அல்ல. சிலைதான் முதலில் வந்தது, 1945-ல்.

கப்பலில் ஏறியதும் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. பெரும் பகுதி ரூலெட் சக்கரத்தையும் அந்தர் பாஹரையும் இலவசச் சாப்பாட்டையும் மேடை நடனத்தையும் தேடிப் போகிறது. தோளில் பை மாட்டி, குளிருக்கு முன்யோசனையாக ஸ்வெட்டரும் போட்ட சிலர் மட்டும் எதையும் திரும்பிப் பார்க்காமல் போக்கர் அறைக்குப் படியேறுகிறார்கள். அவர்களில் ஒருவரோடுதான் நான் மூன்று இரவுகள் இருந்தேன்.

கோயம்புத்தூர்க்காரர். வயது 34. பெயர் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையை 2023-ல் விட்டுவிட்டு முழுநேரமும் இன்டர்நெட்டில் போக்கர் ஆடியவர். வீட்டில் இரண்டு திரை, ஒரே நேரத்தில் ஆறு மேசை, மாதக் கடைசியில் கணக்கு. “ஆபீஸ் வேலை மாதிரிதான் சார், மீட்டிங் மட்டும் கிடையாது” என்கிறார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. மசோதா இரு அவைகளிலும் இரண்டே நாளில் நிறைவேறியது. இவருடைய தொழிலும் அதோடு போயிற்று. மிச்சம் இருந்தது நேரில் உட்கார்ந்து ஆடும் மேசை. அதற்குத்தான் பெங்களூரிலிருந்து இரவு பஸ் ஏறி வருகிறார். இந்த முறை கொண்டுவந்தது ரூ. 3 லட்சம். சேமிப்பில் இனி தொடக்கூடியது அவ்வளவுதான். கூடவே செல்போனில் ஒரு கடிதமும் இருந்தது. ஒரு கம்பெனி வேலை தருகிறது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கோவாவுக்கு ஏன் வர வேண்டும் என்பதற்கும் ஒரு சட்டக் கதை உண்டு. இங்குள்ள சூதாட்டத் தடைச் சட்டம் 1976-ல் வந்தது. 1992-ல் அதில் ஒரு ஓட்டை போட்டு ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் காசு போடும் இயந்திரங்களுக்கு இடம் கொடுத்தார்கள். 1996-ல் ஓட்டை பெரிதானது: கடலில் நிற்கும் கப்பல்களில் மேசை ஆட்டமும் நடக்கலாம். ‘கடல்’ என்று சட்டம் நினைத்தது இந்த ஆற்றைத்தான் போலிருக்கிறது; நல்ல தோள்வலிமை உள்ள பையன் கரையில் நின்று கல்லெறிந்தால் கப்பல் மேல் விழும். மாண்டோவியிலிருந்து இவற்றை அகற்ற வேண்டும் என்று எதிர்க்கட்சியாக இருக்கும்போது முழங்குவதும், ஆட்சிக்கு வந்ததும் அவகாசத்தை நீட்டிப்பதும் கோவா அரசியலில் பழகிப்போன காட்சி. 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் இங்கே ஆட வர முடியாது. வேலை பார்க்கலாம், ஆடக் கூடாது. எங்களைக் கூட்டிப்போன படகுக்காரர் பத்து வருடமாகக் கப்பலின் பக்கவாட்டில் படகை அணைத்துக் கட்டுகிறார். உள்ளே தரை என்ன நிறம் என்று என்னிடம் கேட்டார்.

மற்ற மாநிலங்களின் கதை இன்னும் குழப்பம். மேற்கு வங்கத்தின் 1957-ம் வருடச் சட்டம் பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்டக் கணக்கில் சேர்க்கவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் அது சூதாட்டமே என்றது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் நம் ஊர் மனமகிழ் மன்றங்கள் காலம் தள்ளின. தமிழக அரசின் 2022-ம் வருடச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சட்டத்தை ஏற்று அந்தப் பட்டியலை மட்டும் தள்ளியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்தவர் குவியலை அள்ளலாம். அல்லது மற்றவர்கள் பயந்து மடக்கும் அளவுக்குப் பந்தயம் கட்டியவர் அள்ளலாம். போட்டி ஆட்டத்தில் நுழைவுக் கட்டணம் போனால் போனதுதான். ரொக்க மேசையில் சில்லு என்றால் பணம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். தீர்ந்தால் மேலும் வாங்கி உட்காரலாம். இந்த இரண்டாவது சௌகரியத்தில்தான் பலர் வீடு விற்றிருக்கிறார்கள். கப்பல்காரருக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு சிறு பங்கை டீலர் மேசையின் ஓட்டைக்குள் தள்ளிவிடுகிறார்.

நம்மவர் உட்கார்ந்தது 100-200 மேசையில். சில்லு வாங்கியது ரூ. 40,000-க்கு. முதல் இரவு மேசை அவருக்குப் பிடித்த மாதிரி இருந்தது. டைல்ஸ் வியாபாரி ஒருவர் நன்றாகக் குடித்து, நன்றாகச் சிரித்து, எல்லாச் சீட்டையும் ஆடிக்கொண்டிருந்தார். நம்மவர் மணிக்கணக்கில் மடக்கிக்கொண்டே இருந்தார். நேரில் பார்க்கும் போக்கர் இவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று சினிமா பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். பதினொன்றரைக்கு அவருக்கு இரண்டு எட்டுகள் வந்தன. நடுவில் கிளாவர் ராஜா, ஆட்டின் எட்டு, ஒரு மூன்று. ஜோடி வைத்திருப்பவருக்கு முதல் மூன்று சீட்டில் மூன்றாவது ஜதை சேர்வது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. வியாபாரியிடம் ஏஸும் ராஜாவும். அவர் கடைசிச் சில்லு வரை தள்ளினார். தோற்றதும் கை குலுக்கி, “நல்லா ஆடினே பேட்டா” என்று இந்தியில் சொல்லிவிட்டு இன்னொரு கோப்பை வரவழைத்தார். விடிகாலை ஐந்துக்குக் கரை திரும்பியபோது நம்மவர் கையில் ரூ. 62,000 லாபம். நோட்டில் எழுதிவிட்டு, கடையில் ஒரு டீ குடித்தார். முகத்தில் எதுவும் இல்லை.

பகலில் இவர்கள் வாழும் பனாஜி சுற்றுலாக்காரர் பார்க்காத பனாஜி. இரண்டு மணிக்கு எழுந்து, திரைச்சீலையை விலக்காமல் பல் துலக்கி, மீன் சாப்பாட்டுக் கடை மூடும் முன் ஓடுகிறார்கள். சுறுசுறுப்பான ஒரு சோல் கடி இரவின் கசப்பையெல்லாம் கழுவிவிடும் என்று சத்தியம் செய்கிறார்கள். நான்கு தெரு தள்ளி ஃபான்டெய்ஞாஸ்: மஞ்சளும் நீலமுமாகப் போர்ச்சுகீசியர் காலத்து வீடுகள், சிப்பி பதித்த ஜன்னல்கள். ஏழெட்டுத் தடவை வந்திருந்தும் நம்மவர் அதைப் பார்த்ததில்லை. இழுத்துக்கொண்டு போனேன். ஒரு திண்ணையில் உட்கார்ந்து, முந்தின இரவு தான் மடக்கிய ஒரு ஆட்டத்தைப் பற்றியே பேசினார்.

இரண்டாம் இரவு. இரண்டு ஏஸ் கையில் வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. நேரில் ஆடினால் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் நடக்கும். ஒரு பயணத்தில் நான்கு முறை வந்தால் அதிகம். முதல் முறை வந்தபோது மேசையே மடங்கிவிட்டது. கிடைத்தது 300 ரூபாய். இரண்டாம் முறை, எதிரே தாடி வைத்த புனே இளைஞர் மேலே மேலே ஏற்றினார். சீட்டு திறக்கும் முன்பே இருவரும் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டார்கள். குவியல் ரூ. 80,000-க்கு மேல். அவரிடம் இரண்டு ராஜா. இந்த நிலைமையில் ஏஸ்காரர் ஐந்தில் நான்கு முறை ஜெயிப்பார். முதல் மூன்று சீட்டிலேயே இஸ்பேட் ராஜா சிரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

நம்மவர் “நல்ல சீட்டு” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளித்தட்டுக்குப் போனார். அங்கே மாண்டோவிப் பாலத்தில் லாரிகள் ஓடின. மீன்பிடி படகு ஒன்று விளக்கில்லாமல் கடந்தது. இருபது நிமிடம் எதுவும் பேசவில்லை. “இதில் தப்பே இல்லை சார். மறுபடி வந்தாலும் இதையேதான் செய்வேன். அதுதான் கஷ்டம்” என்றார். தப்பு செய்தவன் திருத்திக்கொள்ளலாம். சரியாகச் செய்து தோற்றவன் என்ன செய்வான்? திரும்ப உட்கார்ந்து மேலும் நாற்பதாயிரம் வாங்கினார். அதில் பெரும்பகுதியும் விடியலுக்குள் சிறுகச் சிறுகக் கரைந்தது. அன்றைய கணக்கு: ரூ. 78,000 நஷ்டம்.

அன்று மதியம் சோல் கடிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த மேசையில் நன்றாக ஆடுபவருக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய் நல்ல சராசரி. 30 மணி நேரப் பயணத்துக்கு ரூ. 30,000. ஆனால் சீட்டின் அலை அதே 30 மணியில் ரூ. 60,000 மேலேயும் கீழேயும் சர்வசாதாரணமாகத் தூக்கிப் போடும். ஆகவே திறமைசாலியே மூன்று பயணத்தில் ஒன்றில் நஷ்டத்தோடுதான் திரும்புவார். வீட்டில் ஆறு மேசை ஆடியபோது பத்தாயிரம் ஆட்டம் என்பது சில நாள் வேலை. அதிர்ஷ்டம் சீக்கிரம் சமன்பட்டது. இங்கே அதே பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு பயணம் வேண்டும். ஒரு வருடம். தடைச் சட்டம் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஆட்டத்தை மட்டுமல்ல, அந்தப் பெரிய எண்ணிக்கையையும்தான். வீட்டு வாடகையோ மாதா மாதம் வருகிறது.

மூன்றாம் இரவு மேசையில் ஒரு பையன். இருபத்து மூன்று வயது இருக்கும். தொப்பியை இறக்கிவிட்டு, நாள் முழுதும் வீடியோ பார்த்துக் கற்ற தோரணையில் சில்லுகளை விரலிடையில் உருட்டினான். உருட்டல் பிரமாதம், ஆட்டம் பரிதாபம். நடுராத்திரிக்குள் மூன்று முறை சில்லு தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து ஓரமாய்ப் போய் செல்போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினான். பிறகு பணம் வந்தது. இந்த அறையில் இப்படிப்பட்டவரை ‘மீன்’ என்பார்கள். மீன் இல்லாத மேசையில் நம்மவர் போன்றவர்கள் உட்காரவே மாட்டார்கள். ரொக்க மேசையின் பொருளாதாரம் இவ்வளவுதான்: கப்பலுக்குப் போனது போக, ஒருவர் ஜெயிக்கும் ஒவ்வொரு ரூபாயும் பக்கத்து நாற்காலிக்காரருடையது.

நாலாம் தடவை வாங்கியதில் ரூ. 24,000 நம்மவரிடம் ஒரே ஆட்டத்தில் வந்தது. பையனிடம் பாதி சேர்ந்த இஸ்பேட் வரிசை. கடைசி இஸ்பேட் வரவே இல்லை. அவன் எழுந்தான். நம்மவர் சில்லுகளை அடுக்கிக்கொண்டே, “தம்பி, இன்னிக்குப் போதும், போய்த் தூங்கு” என்று தமிழில் சொன்னார். பையனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். பதில் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து அவனைக் கீழ்த்தளத்தில் ரூலெட் சக்கரத்தின் முன்னால் பார்த்தேன்.

அன்று லாபம் ரூ. 29,000. மூன்று இரவும் சேர்த்து ரூ. 13,000. அதில் பஸ், அறை, சாப்பாடு ரூ. 11,500. மிச்சம் ரூ. 1,500. மேசையில் உட்கார்ந்தது 31 மணி நேரம். மணிக்கு ஐம்பது ரூபாய்கூடத் தேறவில்லை. வருமான வரிச் சட்டமோ சீட்டில் வென்றதற்கு 30 சதவீதம் கேட்கிறது. தோற்றதைக் கழிக்க விடுவதில்லை. இரவு வாரியாகப் பார்த்தால் வென்றது ரூ. 91,000, வரி ரூ. 27,300. இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டபோது அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பனாஜி பஸ் நிலையத்தில் ஞாயிறு மாலை பெங்களூர் பஸ்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் தூக்கம் கெட்ட இளைஞர்கள். எனக்கு மட்கான் போய் ரயில் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு என்ன பதில் என்று கேட்டேன். “இரண்டு வருஷத்தில் முப்பது லட்சம் கை ஆடியிருக்கேன் சார். இந்த மூணு நாளில் ஆடினது எண்ணூறு. எண்ணூறை வெச்சு எப்படி முடிவு பண்றது?” என்றார். பஸ் நகர்ந்தது. மேல் படுக்கையில் படுத்ததும் செல்போன் வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. அந்தக் கடிதத்தைத் திறந்திருந்தாரா, அடுத்த வார பஸ் டிக்கெட்டையா என்று வெளியிலிருந்து தெரியவில்லை.