மூணு பேரும் வீட்லதான் இருக்காங்க

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுபோவதும், அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிய வண்டி கிளம்ப மறுப்பதும் ஒன்றல்ல. முன்னதில் நேற்றுவரை எல்லாம் சரியாக இருந்தது என்ற சாட்சியமாவது கையில் இருக்கும். எது தேய்ந்தது, எது அடைத்தது என்று தேடினால் போதும். பின்னதில் அதுவும் கிடையாது. ஒவ்வொரு நட்டும் யாரோ கழற்றி, வேறு யாரோ மாட்டியது.

மாமாவின் வண்டி 1974 மாடல் புல்லட் 350. பெரம்பூர் வீட்டின் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் கிடந்தது. ஓய்வுபெற்ற கையோடு அதை ஓட்டியே தீருவது என்று மாமா இறங்கினார். இன்ஜின் லேத்துக்குப் போனது; சிலிண்டரை போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கினார்கள். ஃபிரேம் பவுடர் கோட்டிங்குக்குப் போனது. டேங்க் டிங்கரிடம் போய், அங்கிருந்து பெயின்டரிடம் போனது. வயரிங்குக்கு வேறொரு கடை. பாயிண்ட், கண்டென்சர், கேபிள் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கினார்; புதிதாகக் கிடைக்காதவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாகத் தேடிப் பிடித்தார். பூட்டி முடித்து வாசலில் நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

பல கை மாறுவது இந்த வண்டிக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, புல்லட் அங்கிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டது. பிறகு திருவொற்றியூர் ஆலையிலேயே முழுசாக உருவானது. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அந்த அளவு மட்டும் இங்கே பல பத்தாண்டுகள் நீடித்தது. அதனால்தான் ஒரு காலத்தின் பாகம் இன்னொரு காலத்தின் வண்டியில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் உட்கார்வது வேறு, ஒத்துழைப்பது வேறு. அந்த வித்தியாசம் உதைக்கும்போதுதான் தெரியும்.

பழைய புல்லட்டை உதைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன அம்மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தியபடி அதன் ஊசியைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் கரண்ட்டை இழுக்கும். ஊசி மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அந்த இடத்தில் கால் கனமாகும். அப்போது டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை மேல்முனையிலிருந்து மயிரிழை தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு மூச்சாக ஓர் உதை. முறை தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.

மாமாவுக்கு முறை தெரியும். ஆனால் ஊசி சரியாகச் சாயவில்லை. லேசாக நடுங்கியதோடு சரி. வண்டியிலேயே மாற்றாமல் விட்ட ஒரே மீட்டர் அது. ஆகவே பழி அதன்மேல் விழுந்தது. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, பிளக்கைக் கழற்றிப் பிடித்தால் பொறியும் வருகிறது. கரண்ட்டில் குறையில்லை, மீட்டர்தான் போய்விட்டது என்று மாமா தீர்ப்பெழுதினார். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினார். டேங்க் மூடியின் காற்றுத்துளையைப் பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். புது பாயிண்டின் முனைகளில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவியிருந்த எண்ணெயைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். எல்லாம் செய்ய வேண்டிய வேலைதான். வண்டி அசையவில்லை.

கடைசியில் பாயைக் கூப்பிட்டோம். புல்லட்டைத் தவிர வேறு வண்டியைத் தொடாத மெக்கானிக். வந்ததும் மாமா உதைக்கப் போனார்.

“உதைக்காதீங்க சார். ஊசியைப் பாருங்க.”

“அது செத்துப்போச்சு பாய். பழைய மீட்டர்.”

“பழசுதான் சார் உண்மையச் சொல்லுது.”

ஒரு வயர்த் துண்டை எடுத்து ஒரு நுனியை பேட்டரியின் எர்த்திலும் மறுநுனியை இன்ஜினிலும் வைத்தார். ஊசி சட்டென்று சாய்ந்தது. மஞ்சளாக மினுக்கிய பொறி நீலமாகப் படீரென்று விழுந்தது.

காரணம் எளிது. பாயிண்ட் வழியாகப் போகும் கரண்ட் இன்ஜினின் உடம்பு வழியாகத்தான் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். இன்ஜின் ஃபிரேமில் இரும்போடு இரும்பாக உட்கார்வதால் அதற்குத் தனி வயர் தேவையில்லை என்பது பழைய வழக்கம். வயரிங்காரர் அந்த வழக்கத்தை நம்பி விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும் எர்த் இழுத்திருந்தார். பவுடர் கோட்டிங்காரரோ ஒரு மூலை விடாமல் பூசியிருந்தார். அந்தப் பூச்சு கரண்ட்டைக் கடத்தாது. 6 வோல்ட் வண்டியில் கொஞ்சம் தடை இருந்தாலே பொறி சோர்ந்துபோகும். வெளியே எடுத்த பிளக்கில் பொறி வருவதும் முழுச் சான்றாகாது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியபின் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும்.

எர்த் வயரை மாட்டியபின் உதைத்தார் மாமா. கார்புரேட்டர் பெட்ரோலைத் துப்பியது. சைலன்சரில் ஒரு வெடி. எதிர்வீட்டு நாய் ஓடியது. வண்டி கிளம்பவில்லை.

பாய் பீடியைப் பற்றவைக்க எடுத்து, பெட்ரோல் வாடை நினைவுக்கு வர மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். “கரண்ட் வருது, பெட்ரோல் வருது, கம்ப்ரஷன் இருக்கு. மூணு பேரும் வீட்லதான் இருக்காங்க சார். ஒருத்தரை ஒருத்தர் பாக்கல.”

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேல்முனைக்கு இரண்டு தடவை வரும்: கலவையை அழுத்திக்கொண்டு ஒரு தடவை, புகையை வெளியே தள்ளிக்கொண்டு ஒரு தடவை. பாயிண்டைத் திறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பொறி ஒரு தடவைதான் விழும். அழுத்தும் முறைக்கு விழ வேண்டியது புகை தள்ளும் முறைக்கு விழுந்தால், எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் நடக்காது. பாய் ராக்கர் மூடிகளைத் திறந்தார். பாயிண்டுக்குள் சிகரெட் தாளைச் செருகி இன்ஜினை மெல்லத் திருப்பினார். தாள் நழுவியது, பாயிண்ட் திறக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் புஷ்ராட் இரண்டும் விரலுக்குச் சுலபமாகச் சுழல வேண்டும். இறுகி நின்றன, வால்வுகள் திறந்திருந்தன. டிஸ்ட்ரிபியூட்டரின் பல்சக்கரத்தைக் கழற்றி, இன்ஜினை முழுசாக ஒரு சுற்று திருப்பி மறுபடி மாட்டினார். அடுத்த உதையில் பெரம்பூருக்கே கேட்டது.

இரண்டு கோளாறு ஒரே சமயத்தில் இருந்தால் ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். எர்த்தைச் சரிசெய்யாமல் டைமிங்கை மட்டும் திருத்தியிருந்தால், திருத்தியது தப்பு என்று நினைத்துப் பழையபடியே மாட்டியிருப்போம். பாய் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உதைத்துப் பார்க்கவிட்டு, பிறகு அடுத்ததற்குப் போனது இதனால்தான்.

அதைவிட என்னை யோசிக்கவைத்தது, அந்தக் கோளாறு குடியிருந்த இடம். பூசியவர் நேர்த்தியாகப் பூசியிருந்தார். வயரிங்காரர் வழக்கப்படி இழுத்திருந்தார். டிஸ்ட்ரிபியூட்டரும் பழுதில்லை, வால்வும் பழுதில்லை. யாருடைய வேலையைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. குறை இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருந்தது. அங்கே யாரும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அது யாருடைய வேலையும் இல்லை.

மாமாவின் ஃபைலில் லேத், பூச்சு, குரோம், பெயின்ட், வயரிங் என்று எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. சேர்த்துப் பார்த்ததற்கு ரசீது போடும் கடை கிடையாது. பழைய வண்டிக்குப் பாகம் தேடி அலைகிறவர்கள், அதற்கு முன்பே அப்படிப்பட்ட ஓர் ஆளைத் தேடிவைத்துக்கொள்வது நல்லது. பாய் கேட்ட கூலி சீட்டுக்கு உறை தைத்த கூலியைவிடக் குறைவு. மாமா கூடவே கொடுத்தார். பாயும் வேண்டாமென்று சொல்லவில்லை.