வறுத்த பயறு

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது திருப்புட்குழி. இராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் படித்த ஊர் என்பது மரபு. உபநிஷத்தின் ஒரு சொல்லுக்கு ஆசிரியர் சொன்ன பொருள் மாணவருக்கு ஒப்பவில்லை, மறுத்தார், பாடசாலையை விட்டு வெளியேற நேர்ந்தது. பிற்பாடு அந்த ஆசிரியரே அவருக்குச் சீடரானாராம். ஆராய்ச்சி என்றால் இதுவல்லவா? பட்டம் வாங்காதவன் பேச்சுத்தான், தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

இதை அவ்வூர் நெசவாளி நண்பர் மகளிடம் சொன்னேன். தமிழில் முனைவர். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்தக் 'கௌரவ'த்தை எந்தப் புண்ணியவான் சேர்த்தானோ! பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று மானியக் குழு 2018-ல் விதித்தது. 2021-ல் அமலாக வேண்டியது தள்ளிப்போயிற்று. 2023 ஜூலையில், 'நெட்', 'செட்' தேறினாலே போதும் என்றார்கள். அதற்குள் அவளுக்கு ஐந்து வருஷம் போய்விட்டது.

"அவருக்கு ஸ்ரீரங்கத்தில் ஆளவந்தார் இடம் காலியாக இருந்தது, மாமா. எனக்கு எங்கே இருக்கிறது?" என்றாள்.

வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுத்தால், மரகதவல்லித் தாயார் அருளால் அது முளைக்கும், பிள்ளை பிறக்கும் என்பது இங்கே நம்பிக்கை. அவள் அம்மா வேலைக்காகவும் கட்டிப் பார்த்துவிட்டாள்.

"கோர்வைப் புடவைக்குத் தறியில் இன்னோர் ஆள் வேண்டும். கிடைக்கவில்லை. இவள் உட்காருகிறேன் என்கிறாள்; நான்தான் கூடாது என்கிறேன்" என்றார் நண்பர்.

இன்னொரு விளம்பரத்துக்குக் கடைசித் தேதி எட்டு நாளில். சான்றிதழ்களை நகல் எடுக்க அவள் சத்திரத்துக்குக் கிளம்பினாள்.